நோயாளி வந்தால் பாயிண்ட் போச்சு

டயட்டீஷியன் வேலையில் நோயாளியைப் பத்தியம் இருக்க வைப்பதுகூடச் சுலபம். நமக்குப் பாடம் எடுக்க வருகிறவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் பெரும்பாடு. தொடர்கல்வி வகுப்புகளில் உட்கார்ந்து பாயிண்ட் சேர்த்தால்தான் நம் பதிவைப் புதுப்பிப்பார்கள். பதிவு இல்லையென்றால் அந்தமானில், போர்ட் பிளேயரில் நான் பார்க்கும் ஆஸ்பத்திரி வேலையும் இல்லை. என்னைப்போல் மாட்டிக்கொண்டு முழிக்கிற சக டயட்டீஷியன்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவேன்!

உள்ளூர்க் காய்கறி

‘அந்தந்த ஊரில் கிடைப்பதையே சாப்பிடச் சொல்லுங்கள்’ என்று மெயின்லேண்டிலிருந்து ஆன்லைனில் ஒரு வகுப்பு. கோட்டு போட்ட ஒரு சார், ப்ராக்கோலி, ஸ்ட்ராபெரி என்று படம் படமாகக் காட்டினார். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “சார், கடல் சரியில்லை, ஒரு வாரமா கப்பல் வரலை. அபர்டீன் பஜார்ல தக்காளி விலையைக் கேட்டாலே பிரஷர் ஏறுது. இங்க ஜஹாஜ்ல காய்கறி வந்தா சப்ஜி, வராட்டி வெறும் தால். பேஷண்டுக்கு என்ன சொல்லட்டும்?” என்று கேட்டேன்.

மனுஷர் கண்ணை மூடி யோசித்தார். அப்புறம் திருவாய் மலர்ந்தார்:

“அதுக்கென்ன மேடம், பஸ் ஏறி பக்கத்து ஊர்ச் சந்தையில வாங்கிக்கச் சொல்லுங்க!”

சாப்பாடு எங்கே?

அடுத்தது ஹோட்டலில் நேரடிப் பயிற்சி. தலைப்பு, ‘முதலில் சாப்பாடு, பவுடர் அப்புறம்’. செலவு முழுக்க ஒரு புரோட்டீன் பவுடர் கம்பெனி! வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை. மத்தியானம் ஆளுக்கொரு டம்ளரில் அந்தப் பவுடரைக் கரைத்து நீட்டினார்கள். பக்கத்து ஹாலில் கல்யாணம். பிரியாணி வாசனை மூக்கைத் துளைத்தது. என்னோடு வந்திருந்த பாத்திமா, இன்னொரு ஆஸ்பத்திரி டயட்டீஷியன், பசி தாங்காமல் கம்பெனி ஆளைப் பிடித்து, “சாப்பாடு எங்கே தம்பி?” என்றாள். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

“இதான் மேடம் சாப்பாடு, வேணும்னா வீட்டுக்கு ஒரு டப்பா சாப்பாடு தரட்டுமா?”

பொத்தான்

வயிற்றெரிச்சல் இதுதான். பதிவைப் புதுப்பிக்க ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பு பாக்கி, கடைசித் தேதியோ கழுத்தில் உட்கார்ந்திருந்தது. தலைப்பு: ‘நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி?’ நாம் தூங்குகிறோமா என்று சோதிக்க நடுநடுவே போனில் ஒரு பொத்தான் வரும். உடனே அமுக்க வேண்டும். தவறினால் சர்டிபிகேட் கிடையாது.

பாதி வகுப்பில் செல்வராஜ் அண்ணன் என் ஆஸ்பத்திரி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்காரர், கிட்னி நோயாளி. ரத்தத்தில் ஏறிப்போன பொட்டாசியத்தை மருந்து கொடுத்து இறக்கிவிட்டு, டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். “அம்மா, மத்தியானம் ஜஹாஜ் கிளம்பிடும். விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது,” என்றார். என்னென்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். சோறு, மீன், டீ என்றார். பொட்டாசியம் எதனால் ஏறியது என்று எதிலும் பிடி கிடைக்கவில்லை. விடாமல் பேச்சுக் கொடுத்தேன். அப்புறம்தான் தயங்கித் தயங்கி, ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, கிட்னியைக் கழுவ தினமும் இளநீராகக் குடித்துத் தள்ளுவதைச் சொன்னார். “ஐயோ அண்ணே, அதுலதான் பொட்டாசியம்! இதயமே நின்னுடும். இனி ஒரு வாய்கூடக் கூடாது!” என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுபோனார். வேறு எதெல்லாம் ஆகாது என்று அவருக்குப் புரியவைத்து, கப்பலுக்கு அனுப்பிய பிறகுதான் போன் ஞாபகமே வந்தது. பொத்தான் வந்து போய்விட்டிருந்தது. என்னை வகுப்பிலிருந்து தூக்கியும் விட்டார்கள்.

நடந்ததை எழுதி, இன்னொரு வாய்ப்புக் கேட்டுக் கெஞ்சினேன். வகுப்பு நடத்துகிற அம்மையார் போனில் கூப்பிட்டார்.

“கிளாஸ் நேரத்துல பேஷண்டைப் பார்த்தீங்கன்னா, உங்களுக்குத் தொழில்ல அக்கறை இல்லைன்னுதானே மேடம் அர்த்தம்?”

ஆக, நோயாளி சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட குற்றத்துக்காக, காதுகொடுத்துக் கேட்கும் பாடத்தில் கோட்டைவிட்டு, பதிவும் காலாவதியாகி, வேலை இருக்குமா போகுமா என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.