நல்லது பதினொன்று, கெட்டது இரண்டு

போன வாரம் என் மகள் என் செல்போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். வீடியோக்கள் அத்தனையும் குப்பையாகக் கிடக்கின்றனவாம். பிறந்தநாளுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, ஊருக்குப் போனதற்கு ஒன்று என்று போல்டர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்துத் தருகிறேன் என்றாள். தேதிப்படி கிடக்கட்டும், பேர் மட்டும் வைக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். எனக்கு அது ராசியில்லை என்று மழுப்பிவிட்டேன். பத்து வயதில் நான் பேர் வைத்து அடுக்கிய லட்சணத்தை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அப்போது நாங்கள் திருத்தங்கலில் இருந்தோம். வீட்டில் பதிமூன்று வீடியோ கேசட்டுகள் இருந்தன. எங்கள் வசதிக்கு அது மிக அதிகம். அம்மாவின் தம்பி, என் மாமா, கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர் என்பதால் வந்து சேர்ந்த செல்வம். சொந்தத்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் தோளில் கேமராவோடு வந்து நின்றுவிடுவார். வெளியாட்களுக்கு ஒழுங்காக எடுப்பவர், எங்களுக்கென்றால் உற்சாகத்தில் தலைகால் புரியாமல் எடுப்பார். அவர் எடுத்த சின்னம்மா கல்யாணக் கேசட்டில் தாலி கட்டுவது கிடையாது. அந்த நேரத்தில் பந்தியில் ஒரு பெரியவர் மூன்றாவது தடவையாக ரசம் கேட்பது மட்டும் வெகு தெளிவாக இருக்கும்.

பதிமூன்றில் ஒன்று அப்பாவுடையது. அப்பா நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தார். எனக்கு எட்டு வயதாகும்போது, தீபாவளி சீசனுக்குக் கொஞ்ச நாள் முன்பு, மருந்து கலக்கும் அறையில் பிடித்த தீயில் போய்விட்டார். முகம் பார்க்க முடியவில்லை. துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். மாமா அழுதுகொண்டே அதையும் எடுத்தார். எங்கள் பக்கத்தில் நல்லதுக்கு எடுப்பதுபோலவே கெட்டதுக்கும் வீடியோ எடுப்பார்கள். நல்லது என்றால் கல்யாணம், காதுகுத்து, சடங்கு. கெட்டது என்றால் சாவு. அந்தச் சொல்லை வீட்டுக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு கெட்டதுக்குப் போய்வந்தேன் என்பார்கள், கேட்பவர் தலையை ஆட்டிக்கொள்வார்.

அன்றைக்குப் புதுக் கேசட் வாங்க மாமாவுக்கு ஏது நிதானம்? கேமராவுக்குள் ஏற்கெனவே கிடந்ததில்தான் எடுத்தார். அந்தக் கேசட்டின் முதல் எட்டு நிமிஷம் அப்பா உயிரோடு இருந்தார். இரண்டு வாரத்துக்கு முன் கேமராவை ரிப்பேர் பார்த்துக்கொண்டு வந்த மாமா, சரியாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள எங்கள் வாசலில் அப்பாவை நிறுத்தி எதையாவது பேசச் சொல்லியிருக்கிறார். "இது ஓடுதா? எங்கன பாக்கணும்?" என்று அப்பா கேட்பாராம். பிறகு அம்மாவைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லிக் கூப்பிடுவாராம். அம்மா வரமாட்டாளாம். "ஏ புள்ள, சும்மா வா, ஒன்னைய என்ன சினிமாவுலயா சேக்கப் போறான்" என்று சிரிப்பாராம். இப்படி எட்டு நிமிஷம். அப்பா பேசியதும் சிரித்ததும் இந்த உலகத்தில் வேறு எங்கும் பதிவாகவில்லை. எடுத்த மாமாவே துக்கத்தில் அதை மறந்துபோனார். நான் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்தது அம்மா மட்டும்தான்; இதெல்லாம் அவள் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அம்மா ஒரு பிரஸ்ஸில் காலண்டர் ஒட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். லீவு நாளில் என்னை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மாமா கொடுத்த பழைய டெக்கில் அந்தக் கேசட்டைப் போடுவாள். நான் திரும்பி வரும்போது கண் சிவந்து, முகம் வீங்கியிருக்கும். கெட்டதை எடுத்துவைத்துப் பார்த்து அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்தேன். அதில் அழுகையைத் தவிர என்ன இருக்கப் போகிறது? அந்தக் கேசட்டின்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஒருநாள் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துக்கூட வைத்தேன். அம்மா தேடி எடுத்துவிட்டாள்.

பிறகு டெக் போய்விட்டது. ஹெட் தேய்ந்துவிட்டது, இனிமேல் ஸ்பேர் கிடைக்காது என்று மாமா கையை விரித்தார். எல்லாக் கேசட்டையும் சிடியில் ஏற்றிவிடலாம், சிவகாசியில் தெரிந்த கடை இருக்கிறது, அதற்கு முன் எது எது என்று பிரித்து எழுதிவையுங்கள் என்றார். அம்மா அந்தக் கேசட்டைப் பார்க்காமல் மூன்று மாதம் ஆகியிருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே காரணத்தால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் உயரவாரியாக அடுக்கப் பார்த்தேன். எல்லாம் ஒரே உயரம். அப்புறம் நான் அதிகம் வருகிற கேசட்டுகள் முதலில், குறைவாக வருவது கடைசியில் என்று அடுக்கினேன். அது எனக்கு நியாயமாகவே பட்டது. மாமா பார்த்துச் சிரித்துவிட்டு, தேதிவாரியாக வை என்றார். தேதி யாருக்கும் தெரியவில்லை. சின்னம்மாவைக் கேட்டால், மழையில் பட்டாசு லோடெல்லாம் நனைந்துபோன வருஷம்தான் அவள் கல்யாணம் என்றாள். பெரியம்மாவோ, அது தன் மகனுக்குக் காது குத்திய வருஷம், அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது என்று சண்டைக்கு வந்தாள். கடைசியில் அம்மாதான் வழி சொன்னாள்.

"ஏட்டி, எதுக்கு இம்புட்டுப் பாடு? நல்லதையெல்லாம் ஒரு பையில போடு. கெட்டதைத் தனியா ஒரு பையில போடு. ரெண்டும் ஒண்ணுல ஒண்ணு ஒட்டக் கூடாது."

அவ்வளவுதான். பிரஸ்ஸில் கட்டிங்கில் விழுகிற வெள்ளை ஸ்டிக்கர் துண்டுகளை அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். நல்லது 1, நல்லது 2 என்று பதினொன்று வரை எழுதி ஒட்டினேன். மஞ்சள் பையில் போட்டேன். மிச்சம் இரண்டு. தாத்தாவுக்கு எடுத்தது கெட்டது 1. அப்பாவுக்கு எடுத்தது கெட்டது 2. அவை ஒரு கறுப்புப் பையில் போயின. என் கையெழுத்தை மாமா மெச்சினார். கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்து, கெட்டது 2 என்று எழுதியதைத்தான் முதலில் ஏற்ற வேண்டும் என்று கடைக்காரரிடம் மறக்காமல் சொல்லச் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

மாமா என்னைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, எதிர்ச் சாரியில் யாரோ கல்யாணப் பார்ட்டியைப் பார்த்துவரப் போனார். கடைக்கார அண்ணாச்சி மஞ்சள் பையைக் கவிழ்த்து எண்ணி வைத்தார். பிறகு கறுப்புப் பையைத் திறந்தார். ஸ்டிக்கரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது கெட்டதா பாப்பா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஓட்டிப் பாத்தீகளா?"

"அம்மா பாத்துருக்காக. கெட்டதுதான்."

"கெட்டதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? என் மிஷினும்லா கெட்டுப்போகும். வீட்டுக்குக் கொண்டு போறியா, இங்கனயே கழிச்சுப் போட்டுரவா?"

அவர் கேட்பது பூஞ்சை பிடித்து வீணாய்ப்போன கேசட்டைப் பற்றி என்று எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மையில் பாதி புரியவில்லை. மீதிப் பாதியை நான் புரிந்துகொள்ள முயலவில்லை. என் மனதில் ஓடியது இதுதான்: இந்தக் கேசட் இல்லாவிட்டால் அம்மா இனிமேல் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டாள். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"கழிச்சுப் போட்டுருங்க அண்ணாச்சி" என்றேன்.

மாமா வந்து என்ன ஆயிற்று என்று கேட்டபோது, எல்லாம் கொடுத்தாயிற்று என்றேன். அதுவும் பொய்யில்லை.

இரண்டு வாரம் கழித்து சிடிகள் வந்தன. மாமா ஒரு பிளேயரையும் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்தார். சின்னம்மா, பெரியம்மா எல்லோரும் கூடிவிட்டார்கள். ரசம் கேட்ட பெரியவர் மறுபடியும் ரசம் கேட்டார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா டிவியைப் பார்க்கவில்லை. சிடி உறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். கெட்டது எங்கே என்று என்னைக் கேட்டாள். அதை ஏற்றவில்லை, கழித்துப் போடச் சொல்லிவிட்டேன் என்றேன். நல்ல பிள்ளை என்று சொல்வாள் என்று எனக்குள் ஒரு நினைப்பு வேறு.

அம்மா எழுந்து செருப்பைப் போட்டாள். விரல்களில் காய்ந்த பசையோடு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.  கடைக்கார அண்ணாச்சி நல்ல மனுஷர். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "கெட்டதுன்னு எழுதியிருந்துச்சேம்மா, பாப்பாவும் கெட்டதுன்னுதான சொல்லுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வீணான கேசட்டுகளைப் பிரித்து ரீலை உருவி, கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். மக்காச்சோளக் காட்டுக்காரர்கள் குருவி விரட்ட வாங்கிப் போவார்களாம். கடைசியாக வாங்கிப்போனது நாரணாபுரம் போகிற வழியில் காடு வைத்திருக்கும் ஒருவர் என்று அடையாளம் சொன்னார்.

போனோம். மத்தியான வெயில். சோளம் இடுப்பளவு நின்றது. குச்சிக்குக் குச்சி, காட்டின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை, பழுப்பு ரீல் இழுத்துக் கட்டியிருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் அது விர்ரென்று சத்தம் போட்டது. அம்மா வரப்பில் நின்று கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். களை எடுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, என்னம்மா வேணும் என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரக பேசுனது இதுல இருக்கு" என்றாள் அம்மா.

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், வெறும் நெற்றியைப் பார்த்தாள், களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு முடிச்சை அவிழ்க்க வந்துவிட்டாள். மூன்று பேரும் அவிழ்த்தோம். எத்தனையோ வீட்டுக் கல்யாண ரீல்களும் அதில் கலந்து கிடந்தன. எது அப்பா, எது யாரோ என்று பிரிக்க வழியில்லை. அம்மா அத்தனையையும் ஒரு குச்சியில் சுற்றினாள். அறுந்த துண்டுகளைக்கூடப் பொறுக்கி மடியில் கட்டினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அதுல அப்பா பேசுனாகளா?" என்று கேட்டேன். அம்மா அடுத்த துண்டைப் பொறுக்கக் குனிந்தாள்.

மாமா அந்தச் சுருளைக் கையில் வாங்கிப் பார்த்தார். வெயிலில் வெந்து, முறுகி, அங்கங்கே மேல்பூச்சு உதிர்ந்திருந்தது. அவருக்கும் அப்போதுதான் அந்த எட்டு நிமிஷம் நினைவுக்கு வந்தது. "இது ஆகாதுக்கா" என்றவர், வாசலிலேயே உட்கார்ந்து பிள்ளை மாதிரி அழுதார். அம்மா அழவில்லை.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு மாதம் அளவாகப் பேசினாள், சோறு போட்டாள், தலை பின்னிவிட்டாள். ஒருநாள் சாயங்காலம் வேலைவிட்டு வந்து, வெந்நீரில் கையை ஊறவைத்துப் பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கேட்டாள்.

"அப்பா எப்படிப் பேசுவாக? பேசிக் காட்டு பாப்போம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கோபம் போய்விட்டது, என்னோடு விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அந்த எட்டு நிமிஷத்தில் அப்பா சொன்னதை அவளே வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இது ஓடுதா? எங்கன பாக்கணும்?" என்றேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். இல்லை, இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்லு என்றாள். இழுத்துச் சொன்னேன். அது இல்லை, கடைசியில் லேசாகச் சிரிப்பு வரும் என்றாள். சிரித்துச் சொன்னேன். இல்லை என்றாள்.

அதிலிருந்து தினமும் அது எங்கள் விளையாட்டானது. அவள் வரும் நேரத்துக்காக நான் வாசலில் காத்திருப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவேன். நாளாக ஆக அவள் திருத்துவது குறைந்தது. முன்பெல்லாம் சட்டென்று இல்லை என்பவள், இப்போது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தெரியலையே, இன்னொரு தடவை சொல்லு என்பாள். நான் நன்றாகப் பேசத் தொடங்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமை. மழைக்காலம் தொடங்கிய ஒருநாள், நான் சொல்லி முடித்ததும் அம்மா மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஆமா. இப்படித்தான் பேசுவாக. இப்படியேதான்" என்றாள்.

பத்து வயதுப் பெண்பிள்ளையின் கீச்சுக் குரல் அது. அதற்குள் அப்பா எங்கே இருந்திருக்க முடியும்? ஒத்துப் பார்க்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. அவளுக்கு அந்தக் குரல் மறந்துவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. கடைசியில் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று கைதட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்ளத் தெருவுக்கு ஓடினேன்.