ஒரே வளவுக்குள் மூன்று வாஷிங் மெஷின்

வாஷிங் மெஷின் மெக்கானிக்கை யாரும் சந்தோஷமாகக் கூப்பிடுவதில்லை. பாதியில் ஊறிக் கிடக்கும் துணியோடும் முழுக் கோபத்தோடும்தான் கூப்பிடுவார்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று இப்போது மூடி திறக்காமல் நிற்கிறது என்றால் நீங்களும் நம்மாள்தான், மேலே படியுங்கள்.

செமி ஆட்டோமேட்டிக், டாப் லோடு, ஃப்ரன்ட் லோடு, எது நல்லது என்று தேனியிலிருந்து கூடலூர் வரை என்னைக் கேட்காத ஆள் இல்லை. பதிலைக் கோம்பையில் ஒரு வீட்டில் கண்டுபிடித்தேன். சீனிச்சாமி என்ற திராட்சை விவசாயிக்கு மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், ஒரே வளவுக்குள் தனித்தனி வீடுகள், ஒரே போர் தண்ணீர். மூத்தவள் பாண்டியம்மாளிடம் செமி. நடு மருமகள் கவிதாவிடம் டாப் லோடு. இளையவள் செல்வி கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது ஃப்ரன்ட் லோடு. எல்லோரும் சேர்ந்து இருக்கப் பெரியவர் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அதில் பின்கட்டில் ஒரு குழாய், ஒரு ப்ளக், ஒரே மெஷின். எதற்கு ரிப்பேர் செலவு குறைவோ அது இருக்கும், மற்ற இரண்டும் விலைக்குப் போகும் என்று சொல்லிவிட்டார். கணக்குச் சொல்ல வேண்டியவன் நான்.

இதில் பதறியது செல்வி. உத்தமபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். துணியைப் போட்டு பட்டனைத் தட்டிவிட்டு ஆறரை பஸ்ஸைப் பிடிக்கிறவள். செமி வந்தால் முறை வைத்துத் துவைக்க வேண்டும், பக்கத்திலேயே நிற்க வேண்டும், பஸ் நிற்காது. "இது போச்சுன்னா வேலையும் போச்சுண்ணே" என்று முதல் நாளே சொன்னாள்.

கீரை பிழிந்த செமி

செமியின் ஸ்பின் பக்கம் பஸ் மாதிரி குலுங்குகிறது என்று போன். திறந்து பார்த்தால் அடியில் ஒரு படி முருங்கை ஈர்க்கு. கீரையைக் கழுவி வலைப் பையில் கட்டி, ஸ்பின்னில் சுற்றி, நிழலில் உலர்த்தி, பொடி அரைக்கிறவர்களுக்கு விற்கிறாள் பாண்டியம்மாள். ஈர்க்கை அள்ளி, பிரேக் ஒயரை மாற்றினேன். முன்னூறு ரூபாய். செமியின் பெருமையே இதுதான்: எதைப் பிடுங்கினாலும் ஆயிரத்துக்குள் முடியும், கம்பத்திலேயே சாமான் கிடைக்கும், டிகிரி படித்தவன் வர வேண்டியதில்லை.

இது துணிக்கான மெஷின் என்று பக்குவமாகச் சொன்னேன். பாண்டியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "கீரை போட்டப்ப ஒழுங்காத்தேன் சுத்துச்சு, துணி போட்டாத்தேன் ஆடுது. கோளாறு துணியிலயான்னு பாருங்கண்ணே!"

எலி குடியிருந்த டாப் லோடு

கவிதாவின் மெஷின் விளக்கு எரியும், தண்ணீர் எடுக்காது. சாய்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம் திறந்தே இருக்கிற ரகம். எலி ஒன்று உள்ளே வந்து குடும்பம் நடத்தியிருக்கிறது. ஒயர் கட்டு முழுக்கக் கொறித்தாகிவிட்டது. கூடு கட்ட வாரண்டி கார்டைக் கிழித்திருந்தது. எலி கடித்தால் வாரண்டி கிடையாது என்பது அதற்கும் தெரிந்திருக்கும் போல. ஒயர், அடியில் ஒரு தகரம், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு.

வாசலில் கோம்பை நாய் ஒன்று கட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்துக் குரைத்த குரைப்பில் ஸ்பேனர் இரண்டு தடவை கீழே விழுந்தது. இவ்வளவு நல்ல நாய் இருந்துமா எலி என்று கேட்டேன். கவிதா அலுத்துக்கொண்டாள்: "கரண்டு ரீடிங் எடுக்க வந்தவுகள விடல, சிலிண்டர் கொண்டு வந்தவுகள விடல. எலிய மட்டும் சொந்தக்காரன்னு நெனச்சிருச்சுண்ணே."

ரைஸ் மில் ஆன ஃப்ரன்ட் லோடு

செல்வியின் மெஷின் ரைஸ் மில் மாதிரி கத்தியது. பேரிங் போய்விட்டது. இந்த ரகத்தில் பேரிங் மாற்ற டிரம்மையே கழற்ற வேண்டும்; அரை நாள் வேலை, ஆறாயிரத்து ஐந்நூறு. ஆனால் வாங்கி இரண்டு வருடத்தில் போகிற சாமான் அல்ல. கதவு வாய் ரப்பரைப் புரட்டினேன். பித்தளை வளையம் ஒன்று கிடந்தது. தார்ப்பாயின் ஓரத்தில் இருக்கும் வளையம்.

விசாரித்ததில், செல்வி டியூட்டிக்குப் போன ஒரு நாள், தோட்டத்துத் தார்ப்பாயை மடித்து உள்ளே திணித்து பட்டனைத் தட்டியிருக்கிறார் பெரியவர். தார்ப்பாய் தண்ணீரை விடாது. சுற்றும்போது மூட்டை ஒரு பக்கம் ஒதுங்கி டிரம்மைக் குத்தும். தீர்ப்புச் சொல்ல வேண்டியவரே குற்றவாளி. போய்ச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். செல்வி வளையத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்: "செலவச் சொல்லுங்கண்ணே, காரணத்தச் சொல்லாதீக. எனக்கு மெஷினும் வேணும், மாமனாரும் வேணும்."

பூசாத சுவருக்கு நடுவே தீர்ப்பு

புது வீட்டுப் பின்கட்டில் எல்லோரும் கூடினார்கள். செமிக்கு முன்னூறு, டாப் லோடுக்கு ஆயிரத்து இருநூறு, ஃப்ரன்ட் லோடுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு என்று வாசித்தேன். வளையத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. "அப்ப செமிதேன்" என்றார் பெரியவர். செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெயித்த பாண்டியம்மாள்தான் வாயைத் திறந்தாள். "இருக்கட்டும் மாமா. ஆனா தண்ணி விட்டு, அள்ளி ஸ்பின்ல போட்டு, இத்தன வருசம் பக்கத்துல நின்னது நான். எனக்குக் காலு வலிக்கு. இனி உங்க மூத்த மகன் நிக்கட்டும்." மூத்த மகன் முருகன் சிரித்தார். பட்டனைத் திருகுவதில் என்ன இருக்கிறது என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒத்திகை வைத்துவிட்டார்கள் மருமகள்கள்.

அன்று காலை எட்டு மணிக்கு முருகன் செமி பக்கத்தில் நின்றார். வளவு முழுக்க ஒரு வாரத்துத் துணி. குழாயை மூட மறந்து தரை வெள்ளக்காடு. திராட்சைக்கு நீல மருந்து அடிக்கிற சட்டையோடு வெள்ளை வேட்டியைப் போட்டு வேட்டி நீலம். மத்தியானம் ஒரு மணிக்கு இன்னும் மூன்று குவியல் பாக்கி. சோற்றில் கைவைக்கும் முன்பே எனக்குப் போன் செய்தார்: "ஏப்பா, அந்த ஃப்ரன்ட் லோடு பேரிங் இருக்கா? எவ்வளவு ஆனாலும் சரி, இப்பவே கெளம்பி வா. அய்யாவும் சரின்னுட்டாக."

திங்கட்கிழமை செல்வி பட்டனைத் தட்டிவிட்டு ஆறரை பஸ்ஸைப் பிடித்தாள். ரிப்பேர் செலவைப் பற்றி மறுபேச்சுப் பேசாத ஒரே வாடிக்கையாளர், ஒரு நாள் நின்று துவைத்த ஆம்பளைதான் என்பது இருபது வருடத்தில் நான் கற்ற தொழில் ரகசியம்.