ஏழு சுற்று மரியாதை

சித்திரை பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. காற்றே இல்லாத புழுக்கத்தில் ஜமக்காளத்தின் நூல் என் முழங்காலில் குத்திக்கொண்டிருந்தது. அப்பா முன்பே இல்லை. அம்மாவின் காரியமும் முடிந்துவிட்டதால், ஒன்பது வயதான என்னை இனி யார் வளர்ப்பது என்று பேசி முடிக்க, அன்னூரில் மாமா வீட்டில் பதினோரு பேர் கூடியிருந்தார்கள். வாசலில் பத்து ஜோடி செருப்புகள்தான் இருந்தன. யாருடையது குறைகிறது என்று கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பாவின் தங்கையான அத்தையின் பாதங்களில்தான் மண் ஒட்டியிருந்தது, வெறுங்காலோடு வந்திருந்தார். நடுவில் உட்கார்ந்த எனக்கு அழுகையைவிட, யார் என்னைக் கேட்பார்கள் என்ற ஆவல்தான் அதிகம்.

"ஏனுங்க அம்மணி, பையன் உங்க ஊட்டு வாரிசு, நீங்களே சொல்லுங்க" என்றார் மாமா.

"தாய்மாமன் இருக்கறப்ப நான் வாயத் தொறந்தா நல்லாருக்குங்களா? நீங்க சொன்னாச் சரிங்க" என்றார் அத்தை.

இப்படியே ஏழு சுற்று, எண்ணினேன். "இதே மாதிரி போனாப் பையனுக்கு மீசை மொளைச்சிருமுங்க" என்று சின்னத் தாத்தா சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நான் வேண்டாம், அதைத்தான் இவ்வளவு நயமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

"நீயே சொல்லு கண்ணு, எங்க இருக்கறே?" என்று கடைசியில் மாமா கேட்டார்.

"ஹாஸ்டல்ல இருந்துக்கறனுங்க."

மாமா அத்தையைப் பார்த்தார், அத்தை மாமாவைப் பார்த்தார். மறுத்துச் சொல்ல ஒருவரும் முந்தவில்லை.

முதல் தீபாவளி விடுமுறையில் அத்தை எனக்குச் சோறு போட்ட எவர்சில்வர் தட்டில் என் பெயர் வெட்டியிருந்தது. "அந்தப் பேச்சுக்கு மொத நாளே வாங்குனது. மாமனுக்கு முந்திக் கேட்டுப்போட்டா அவர் மனசு சங்கடப்படுமேன்னு இருந்துட்டேன்" என்றார். மாமாவும் அதே வாரம் எனக்கென்று ஒரு கட்டில் செய்யச் சொல்லியிருந்தாராம். "ஹாஸ்டல் புடிக்குதா கண்ணு?" என்று அத்தை கேட்டபோது, "புடிக்குதுங்க" என்றேன். நானும் அந்த வம்சம்தானே.

அந்தப் பதினோரு பேரில் இன்று ஒருவரும் இல்லை. போன மாதம் அத்தையின் மகள் மங்கைக்காகக் கூடினோம். அவளுக்கு அறுபது வயதிலும் குழந்தை மனம். உடனிருந்து பார்த்துக்கொண்ட அவள் அண்ணன் இறந்துவிட்டான். கூட்டத்தை ஏற்பாடு செய்த சமூகப் பணியாளரம்மா, "முடிவு உங்க குடும்பத்தோடதுங்க, மங்கையம்மாவையும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். "நீங்க சொல்லுங்க மாமா" என்று ஒருவரை ஒருவர் கைகாட்ட ஆரம்பித்தார்கள். இரண்டாம் சுற்றுக்கு நான் விடவில்லை.

"மங்கை, எனக்கு நீ வேணும். என் ஊட்டுக்கு வர்றியா?"

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "என் தட்டைக் கொண்டாரலாமா?"

"கொண்டா அம்மணி."

'எனக்கு நீ வேணும்' என்று முதல் ஆளாகச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு ஆன மொத்தச் செலவு, விடுமுறைகளைக் கழித்தது போக, ஹாஸ்டலில் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு இரவுகள்.