கொளஞ்சியம்மாள் சொன்ன உண்மை

கொளஞ்சியம்மாளின் வாய்க்குப் பயப்படாத மேஸ்திரி மரக்காணம் உப்பளத்தில் கிடையாது. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். பொய் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. அவள் வீட்டுப் பின்னறைக்குத்தான் 2004-இல் மொரீஷியஸிலிருந்து படிக்க வந்த தேவென் குடிவந்தான். புதுச்சேரியில் அவன் சேர்ந்த கல்லூரிக்கு அந்த வருஷம் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏகப்பட்ட பேர் வந்துவிட, விடுதியில் இவனுக்கு இடமில்லை. பாட்டன் காலத்துத் தமிழை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் பேசுவான். பிள்ளையில்லாத வீட்டில் அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது. அவள் புருஷன் நடராசன் இவன் பஸ் வந்து சேராமல் சோற்றில் கை வைக்கமாட்டார்.

மறு வருஷம் உப்பு வாரிக்கொண்டிருந்தபோதே நடராசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாத்தியில் சாய்ந்தார். கொள்ளி வைப்பது யார் என்று பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, தேவென் போய்ச் சட்டியைத் தூக்கினான்.

வெளிநாட்டு மாணவர்கள் வருஷாவருஷம் தேதி தாண்டாமல் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தங்கும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அவன் தேதி அந்த வாரமே வந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"கொள்ளி வச்சவன் கருமாதி முடியாம ஊரு எல்லையத் தாண்டக்கூடாதுப்பா. ஆபீசு எங்க ஓடிடப்போவுது?" என்று கொளஞ்சியம்மாள் மறித்தாள். அவன் சட்டையைக் கழற்றிவிட்டான்.

கருமாதி முடிந்த கையோடு இருவரும் போனார்கள். அதிகாரியைப் பொல்லாதவர் என்று சொல்ல முடியாது.

"ஏன் லேட்டு?"

"காய்ச்சல் சார்," என்றான் தேவென்.

"சரி, டாக்டர் சீட்டு கொண்டா. ஃபைன் கட்டிட்டுப் போ."

கொளஞ்சியம்மாளுக்குத் தாங்கவில்லை. செத்தவருக்காக நின்ற பிள்ளை எதற்குத் திருடனைப் போலப் பொய் சொல்ல வேண்டும்? இதைவிடப் பெரிய காரணம் உலகத்தில் உண்டா?

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். என் வூட்டுக்காரருக்குக் கொள்ளி வச்ச புள்ள இது. தேதி அதுக்குத் தெரியும். நாந்தான் அனுப்பல."

அதிகாரி பேனாவை மூடினார். "தெரிஞ்சே வரல. வந்து பொய் வேற சொல்றான். இந்த வருஷம் எத்தினி பசங்க வர்றாங்க தெரியுமாம்மா? ஆளுக்கொரு கத. இவன் உன் புருஷனுக்கு என்ன உறவு?"

"மகன் சார்."

"பாஸ்போர்ட்டுல அப்பன் பேரு வேற இருக்குது."

ஒரு வாரத்துக்குள் நாட்டை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. படிப்பு பாதியில் நின்றது. கிளம்பும் அன்று, "நீங்க உண்மதானம்மா சொன்னீங்க," என்றான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

2006-இல் நடராசனின் தலைத்திவசம் வந்தது. கொளஞ்சியம்மாள் பங்காளிகள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். கொள்ளி வைத்தவன்தான் செய்ய வேண்டும் என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். அன்று அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளில்லை.