சம்பந்தியின் ஒற்றைச் சொல்

என் சம்பந்திக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. அரைகுறையாக எனக்கு வருகிற ஆங்கிலமும் அவருக்கு வராது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது என் மகள் மட்டும்தான். தாதிப் படிப்புக்கு இங்கிலாந்து போனவள், அங்கே ஒரு ஸ்பெயின்காரப் பிள்ளையை விரும்பிக் கட்டி, இப்போது அவருடைய ஊரில், அவருடைய தாயின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறாள். கலியாணம் இங்கே ஜெயபுரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுத்தான் நடந்தது. இடுப்பில் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் மருமகனின் தாய் அதற்கு வரவில்லை. ஆகவே அவரை நான் போன் திரையில் மட்டுமே கண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் மகள் வீடியோவில் அழைப்பாள். பின்னால் அந்த அம்மா வந்து நின்று கை காட்டுவார். அவர் வாயிலிருந்து நான் முதலில் பொறுக்கி எடுத்த சொல் ‘பாலே’. பஸ்ஸில் வருகிற ‘ப’வைப் போட்டுச் சொல்லவேண்டும். பொறுக்கி எடுப்பதற்குப் பெரிய கெட்டித்தனம் ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் மூச்சு விடுகிற இடமெல்லாம் அந்தச் சொல்தான் இருந்தது.

“உது என்ன பிள்ளை, வாய்க்கு வாய் பாலே பாலே எண்டுறா?” என்று கேட்டேன்.

“எங்கட ‘சரி’ போல அம்மா,” என்றாள் மகள்.

எங்கள் ‘சரி’யும் லேசுப்பட்ட சொல் இல்லை. வெயில் கூடினால் சரியான வெயில். வேலை முடிந்தால் சரி. காரியம் கெட்டால் சரி போச்சு. பேச்சை முறிக்கவும் சரி, படலையில் நின்று விடைபெறவும் சரி. அதையெல்லாம் யோசித்துப் பார்த்த பிறகு அந்த அம்மாவின் சொல்லை இன்னும் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினேன். மருமகன் ஏதோ சொல்ல, ‘பாலே’ என்று தலையாட்டிவிட்டு அவர் அடுப்பை நிற்பாட்டினார். மகளின் கையில் மருந்துக் குளிசையைக் கொடுத்து, குரலை உயர்த்தி ‘பாலே?’ என்று கேட்டார். விளங்கியதா என்று அர்த்தம். மகன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னபோது ‘பாலே, பாலே, பாலே’ என்று மூன்றாக அடுக்கினார். அதற்கு வாயை மூடு என்று பொருள் என்பதை மொழிபெயர்ப்பு இல்லாமலே பிடித்துக்கொண்டேன். தாயம் போன்ற ஏதோ விளையாட்டில் மகள் களவாகக் காய் நகர்த்தியபோது ‘நோ பாலே’ என்று கத்தினார், அழாப்பாதே, கள்ளவிளையாட்டு வேண்டாம் என்கிறாராம். போனை வைக்கும்போதும் அதேதான்.

இவ்வளவும் விளங்கியது. ஆனால் அந்தச் சொல்லின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்குக் காரணம் எங்கள் தச்சர். வாசல் கதவு செய்யச் சொல்லிவிட்டு, எப்போது வரும் என்று கேட்கப் போகும்போதெல்லாம் அந்த மனிதர் “ஓம் ரீச்சர், சரி ரீச்சர்” என்பார். அவருடைய சரியைக் கேட்டுக் கேட்டே ஒரு மாரி முழுக்கக் கதவுக்குப் பதிலாக வாசலில் தறப்பாளைக் கட்டிக்கொண்டு இருந்தோம். எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவர் எதையும் செய்யமாட்டார் என்பது அன்றிலிருந்து என்னுடைய சட்டம். அந்தச் சட்டத்தைச் சம்பந்திக்கும் போட்டேன்.

மகள் பிள்ளைத்தாய்ச்சி என்று அறிந்த நாளிலிருந்து எனக்கு நெஞ்சு ஒரு இடத்தில் நிற்கவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்கவேண்டியது. அவளை வரச் சொல்ல முடியாது. நானாவது போவோம் என்று விண்ணப்பித்தால் விசா கிடைக்கவில்லை. ஆக, என் பிள்ளையின் பேறு, நான் நேரில் கண்டிராத ஒரு மனுசியின் கையில். அவர் அவளைப் பார்ப்பாரா, அல்லது பாலே பாலே என்று சொல்லிக்கொண்டு இருப்பாரா? ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அடுக்கிக்கொண்டே போவேன். பச்சைத் தண்ணீரில் முழுக விடவேண்டாம். தலைமுடி ஈரமாக இருக்கக்கூடாது. மிளகு மல்லி எல்லாம் வறுத்து இடித்துச் சரக்குத்தூள் அனுப்பியிருக்கிறேன், பிள்ளை பிறந்ததும் மீன்கறிக்குப் போட்டுக் கொடுக்கவேண்டும். மகள் சலித்துக்கொண்டு மொழிபெயர்ப்பாள். சம்பந்தி ஒவ்வொன்றுக்கும் “பாலே” என்பார். எனக்குக் கண்முன் தச்சரின் முகம்தான் தெரியும்.

ஒரு ஞாயிறு அந்த அம்மா போனை வாங்கிக்கொண்டு, கீழ் வீட்டில் ஓர் அறையைப் பெருமையாகக் காட்டினார். வெள்ளைத் தொட்டில் ஒன்று பூட்டி, வலை போட்டு, பொம்மை தொங்கவிட்டிருந்தது. இழுப்பறையைத் திறந்தார். மடித்து அடுக்கிய புதுச் சட்டைகள். போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கத்தினேன்.

“பிறக்க முந்தித் தொட்டில் வைக்கிறதோ? ஆர் சொன்னது? கழட்டச் சொல்லு! சட்டை ஒண்டும் அந்த வீட்டில இருக்கக்கூடாது!”

“அம்மா, இஞ்ச எல்லாரும் இப்பிடித்தான்…”

“எல்லாரும் எண்டு எனக்குச் சொல்லாத. உனக்கு முந்தினவனுக்கு நான் ஒம்பது மாசமும் தைச்சு அடுக்கினனான். ஒண்டையும் போட்டுப் பார்க்கக் கிடைக்கேல்லை. அதையும் சொல்லு உவாவுக்கு.”

நான் பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்தவள். எத்தனையோ பிள்ளைகளுக்குக் குழந்தைச் சட்டை வெட்டக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். பிறக்காத பிள்ளைக்கு மட்டும் அதன் பிறகு ஊசி எடுத்தது கிடையாது. மூத்தவனைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. மகளுக்கு அப்படி ஒருவன் இருந்தான் என்ற அளவுக்குத்தான் தெரியும். அன்றைக்கு ஆத்திரத்தில் வாயை விட்டுவிட்டேன். மகள் மெதுவாக மொழிபெயர்த்தாள். சம்பந்தி திரையில் என்னைப் பார்த்தார். “பாலே,” என்றார். ஒரே ஒரு தரம், தாழ்ந்த குரலில்.

அடுத்த ஞாயிறு கதைத்தபோது அந்த அறையைக் காட்டவே இல்லை. எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. போனை மற்றப் பக்கம் திருப்பிப் பிடித்தால் தொட்டில் இல்லாமல் போய்விடுமா? வெளியே சொல்லவில்லை. கணவரிடம் மட்டும், “உவா எங்கட தச்சரின்ர ஆள்,” என்று சொல்லிவைத்தேன்.

வைத்தியர் சொன்ன நாளுக்கு முன்னதாகவே பேற்று நோ வந்துவிட்டது. இங்கே காலை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் சட்டைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். மருமகன் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து, “மாமி, வாட்டர் புரோக்” என்றார், பன்னீர்க்குடம் உடைந்துவிட்டதாம். அவருக்குத் தெரிந்த தமிழ் ‘மாமி’ ஒன்றுதான். பிறகு ஒரு தகவலும் இல்லை. கணவர் வயலுக்குப் போயிருந்தார். சோறு வடித்து இறக்கினேன். சாப்பிடாமலே மூடி வைத்தேன். நான் அழைத்தால் மருமகன் எடுக்கவில்லை. விறாந்தைக்கும் படலைக்கும் நடந்தேன். என் முதல் பேற்றின் நாற்றமெல்லாம் மூக்கில் வந்தது. கடவுளே, நான் தைக்கவில்லை, ஒன்றும் தைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

வெயில் சாய்கிற நேரம் போன் அடித்தது. சம்பந்தி. மகளும் இல்லை, மருமகனும் இல்லை, அவர் தனியாக. முகம் சிவந்து, கண் வீங்கியிருந்தது. “என்ன? என்ன நடந்தது? சொல்லுங்கோ!” என்று தமிழில் கத்தினேன். அவர் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, அழுகிற பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி அசைத்து, “பாலே, பாலே… பாலே,” என்றார். இதுவரை நான் கேட்ட எந்தப் பாலேயும் இல்லை அது. பயப்படாதே என்றுதான் அது கேட்டது. பிறகு இன்னொரு போனை எடுத்து, அதில் வந்திருந்த படத்தைத் திரைக்கு நேரே பிடித்தார். கட்டிலில் என் மகள், வியர்த்த முகம், சிரிக்கிறாள். நெஞ்சில் ஆஸ்பத்திரித் துவாயால் சுற்றிய ஒரு சின்னத் தலை.

நான் சீமெந்து நிலத்தில் இருந்துவிட்டேன். அழுதேன். அவரும் அழுதார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்த வேலையைத்தான் பார்த்தோம்.

அழுகை அடங்கியதும் அவர் எழுந்து, போனையும் கொண்டு அந்த அறைக்குப் போனார். தொட்டிலைத்தான் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். அறை வெறுமை. தொட்டில் நின்ற இடத்தில் நிலத்தில் நாலு அடையாளம் மட்டும். இழுப்பறையை இழுத்துக் காட்டினார். உள்ளே ஒரு நூல் இல்லை. விரலால் திருகாணி கழற்றுகிற மாதிரிக் காட்டி, பக்கத்து வீட்டுப் பக்கம் சுட்டி, பூட்டியிருக்கிறது என்று சாவி திருப்பிக் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு உடுப்பு கொண்டு போகவேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லை, உன் பேரப்பிள்ளைக்கு எதைப் போடுவேன் என்று கேட்கிறார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அந்த மனுசி என் சொல்லைக் கேட்டிருக்கிறார்! ஒரு தரம் பாலே என்று சொல்லிவிட்டு, இடுப்பு நோவோடு, அவ்வளவு ஆசையாகப் பூட்டிய தொட்டிலைக் கழற்றி, சட்டையெல்லாம் கட்டி வீட்டை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறார். நானோ அவரைத் தச்சரோடு சேர்த்துவிட்டேன். இப்போது அந்தப் பிள்ளைக்கு மேலில் போட ஒரு துண்டு இல்லை.

அலுமாரிக்கு ஓடினேன். கணவரின் பழைய வேட்டி ஒன்று, தோய்த்துத் தோய்த்துப் பஞ்சாகிப்போனது, மூலையில் கிழிந்தது. அதைக் கொண்டுவந்து கன்னத்தில் தேய்த்துக் காட்டினேன். கிழிசலைக் காட்டினேன். பிள்ளையைச் சுற்றுவதாகக் காட்டினேன். எங்களிடம் பிறந்த பிள்ளைக்கு முதலில் பழசுதான். புதுச்சட்டை முப்பத்தோராம் நாள் துடக்கு கழிந்துதான். இதை எப்படிக் கையால் சொல்வது? “பழசு, பழசு! ஆரின்ரையெண்டாலும் பழசு!” என்றேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார், என் கன்னத்தைப் பார்த்தார். “ஆ… பாலே!” என்று துள்ளிக்கொண்டு போனார்.

கதிரை ஒன்றை இழுத்து ஏறத் தொடங்கினார். “ஏறாதேங்கோ! இடுப்பு!” என்று நான் கத்தினேன். அவர் கேட்கவில்லை. அலுமாரியின் மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி வந்து திறந்தார். மெல்லிய தாளுக்குள் சின்னச் சின்னச் சட்டைகள், மஞ்சள் பழுத்து. தன் நெஞ்சைத் தொட்டு, ஊசியால் தைக்கிற மாதிரிக் காட்டினார். சுவரில் மருமகனின் படத்தைக் காட்டினார். மகனுக்குத் தன் கையால் தைத்தவை. ஒன்றை விரித்துத் திரைக்குக் கிட்டப் பிடித்தார். கழுத்தடியில் அவ்வளவு பொடித் தையல். என் மாணவிகளில் ஒருத்திக்கும் அது வராது.

“பாலே?” என்று கேட்டார்.

“பாலே,” என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன முதல் ஸ்பானியச் சொல் அதுதான்.

வயலால் வந்த கணவர் சைக்கிளைச் சாத்தாமலே, “என்னவாம்?” என்றார்.

“பிறந்திட்டுது. ரெண்டு பேரும் சுகம்.”

“பெடியனோ பெட்டையோ?”

“தெரியாது.”

“அப்ப இவ்வளவு நேரமும் என்னத்தைக் கதைச்சனீர்?”

“சட்டை கதைச்சனாங்கள்,” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

விளக்குப் போடுகிற நேரம் மகள் அழைத்தாள். பெட்டைப் பிள்ளை. தகப்பனின் பழைய சட்டைக்குள் கை தெரியாமல் படுத்திருந்தது. பின்னால் சம்பந்தி ஒரு கிண்ணத்தோடு நின்று இருமிக்கொண்டிருந்தார். “உங்கட சரக்குத்தூளைப் போட்டு மீன் காய்ச்சிக்கொண்டு வந்தவா அம்மா. மிளகு பிரக்கடிச்சு வழி முழுக்க இருமினவாவாம். தலை ஈரமா இருக்கக்கூடாதெண்டு துடைச்சும் விட்டவா, ஒருக்கா இல்லை, எத்தனையோ தரம்.” மகள் பிள்ளையின் சட்டைக் கையை மடித்துவிட்டாள். “நீங்கள் பக்கத்தில இல்லை எண்டே எனக்குத் தெரியேல்லை அம்மா.”

வேறொரு நாள் என்றால் அந்தக் கதைக்கு ஒரு கிழமை அவளோடு பேசாமல் இருந்திருப்பேன். அன்றைக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்திய அதே இடத்தில், மாதக்கணக்காக அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய், ஆறிக் கிடந்த சோற்றைத் திறந்து, நின்றபடியே வயிறாரச் சாப்பிட்டேன்.