ஒரே நம்பரில் நான்கு பேர்

நான்கு மனிதர்களை நான் ஒரே மனிதராக்கினேன். தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருத்துவப் பதிவுத் துறைக்குத் தலைவனாக இருந்தபோது, கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி அதைச் செய்தேன். பெயர்கள் வேறு, வயதுகள் வேறு என்று பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. சிவப்பு

அப்போதுதான் காகித ஓ.பி. சீட்டை ஒழித்துவிட்டுப் புதிய மென்பொருளுக்கு மாறியிருந்தோம். நோயாளியின் அடையாளமே அவருடைய மொபைல் நம்பர்தான். நம்பரைச் சொன்னால் ஓ.டி.பி. வரும், பதிவு முடிந்துவிடும். வாரம் ஒருமுறை, எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பேர் காய்ச்சலுடன் வந்தார்கள், எத்தனை பேர் பேதியுடன் வந்தார்கள் என்ற கணக்கு அரசின் நோய்க் கண்காணிப்புத் தளத்துக்குத் தானாகப் போய்விடும். ஒரு தெருவில் நோய் கிளம்பினால் அங்கே அது தெரியும். சுகாதார ஆய்வாளர் ஓடுவார். அந்த ஏற்பாட்டின் அழகு எனக்கு அன்றே தெரிந்திருந்தது. என் குற்றம் அதனால்தான் பெரியது.

ஒரே நம்பரில் இரண்டு பதிவு இருந்தால் மென்பொருள் அதை 'டூப்ளிகேட்' என்று சிவப்பில் காட்டும். திங்கட்கிழமை ரிவியூவில் மருத்துவ இயக்குநர் திரையைப் பார்த்தார்.

"என்ன நாராயணன், உங்க டேஷ்போர்டு ஹோலி விளையாடின மாதிரி இருக்கு? தரச்சான்றுக்கு ஆளுங்க வரப்போறாங்க. அதுக்குள்ள கிளீன் பண்ணிடுங்க."

"பண்ணிடறேன் டாக்டர்."

மதியம் உட்கார்ந்தேன். பெரும்பாலானவை நிஜமான டூப்ளிகேட்தான். ஒரே ஆளை 'குமார்' என்றும் 'குமார் எஸ்' என்றும் இரண்டு முறை அடித்திருப்பார்கள். அவற்றை மெர்ஜ் செய்து, அதாவது ஒரே பதிவாக இணைத்துக்கொண்டே வந்தேன். பிறகு அனகாபுத்தூர் நம்பர் ஒன்று வந்தது. கஸ்தூரி, அவள் மகள் மீனா, ஒரு முதியவர், ஒரு பள்ளிச் சிறுவன். நான்கு பேருக்கும் வாந்தி, பேதி. முதியவரும் சிறுவனும் எப்படி டூப்ளிகேட் ஆவார்கள்? கேள்வி வந்தது. கூடவே காபியும் வந்தது. மெர்ஜ் அழுத்தினேன். கஸ்தூரி என்ற ஒரு பெண் நான்கு முறை பேதிக்கு வந்தவள் ஆனாள். திரை பச்சையாயிற்று. அடுத்த ரிவியூவில் எனக்குக் கைதட்டல்.

2. "ஒண்ணுதான் சார்"

சில வாரங்கள் கழித்துச் சுகாதார ஆய்வாளர் சேகர் போன் செய்தார்.

"சார், அனகாபுத்தூர்ல ஆத்தோரம் ஒரு சந்துல வரிசையா மஞ்சக்காமாலை. தண்ணியில சாக்கடை கலந்திருந்தா முன்னாடியே பேதி கேஸ் வந்திருக்கணுமே. உங்க கணக்குல ஒண்ணுதான் காட்டுது. வேற யாராவது வந்தாங்களா?"

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம்.

"எங்ககிட்ட வந்தது ஒண்ணுதான் சார்" என்றேன்.

அந்த வாரமே மீனாவை மஞ்சள் காமாலையுடன் எங்கள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஐந்து மாதக் கர்ப்பிணி. அழுக்குத் தண்ணீரால் வரும் அந்தக் காமாலை கர்ப்பிணிகளைத்தான் மிக மோசமாகத் தாக்கும். மீனா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பேதி வந்தபோதே நான்கு பேர் நான்கு பேராகத் தெரிந்திருந்தால், குழாயை அப்போதே அடைத்திருப்பார்கள்.

3. மீன் கடையில்

முதலில் இயக்குநரிடம் உண்மையைச் சொன்னேன். "இப்ப எதுக்கு இதைக் கிளறணும்?" என்றார். சேகருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பிறகு கஸ்தூரியைத் தேடிப் போனேன். பம்மல் போகும் சாலையில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் வேணும்? சங்கரா கீது, வஞ்சிரம் கீது."

நான் யார், என்ன செய்தேன் என்று சொன்னேன். அவள் கத்தி நிற்கவில்லை. செதில் தெறித்துக்கொண்டே இருந்தது.

"எங்க நாலு பேரையும் ஒரே ஆளா ஆக்கிட்டியா?"

"ஆமாம்மா."

"அப்போ பில்லு மட்டும் இன்னாத்துக்கு நாலு போட்டீங்க?"

கூடையிலிருந்து அடுத்த மீனை எடுத்தாள்.

"எங்க சந்துல என் போனு ஒண்ணுதான் எந்நேரமும் ஆன்ல கீது. விடியக்காத்தால கோவளத்துல இருந்து மீனு வண்டிக்காரன் கூப்பிடுவான், அதுக்கோசரம். எல்லாரும் என் நம்பரைத்தான் குடுப்பாங்கோ. இது யாரு நம்பருன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போமே." கத்தியைக் கீழே வைத்தாள். "எம் பொண்ணு இன்னும் தூங்க மாட்டேங்கறா சார். நீ கிளம்பு. யாவார நேரம்."

4. சிவப்பு வேண்டும்

பம்மலிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஒரு வார்த்தை மண்டைக்குள் சுற்றிக்கொண்டே வந்தது. யாரு நம்பரு? ஒரு சந்தே ஒரு நம்பரைக் கொடுக்கிறது என்றால், அது பிழையே இல்லை. அதுதான் அந்தச் சந்தின் விலாசம். நாங்கள் குப்பை என்று கூட்டித் தள்ளியது, வேறு எதுவும் சொல்ல முடியாத சேதியைச் சொல்லிக்கொண்டிருந்தது. தாம்பரத்தில் இறங்க வேண்டியவன் தாண்டிப் போய்விட்டேன்.

மறுநாள் எங்கள் ஐ.டி. பிரிவு பிரதீப்பைப் பிடித்தேன்.

"ஒரே நம்பர், வேற வேற பேர், ஒரே மாதிரி நோய், ஒரே வாரம். இப்படி வந்தா 'டூப்ளிகேட்'னு இல்ல, 'எச்சரிக்கை'ன்னு சிவப்பு காட்டணும். யாரும் மெர்ஜ் பண்ண முடியாதபடி பூட்டணும்."

"சார், ரெட்டை எடுக்கச் சொல்லித்தான் எல்லாரும் என் உயிரை எடுப்பாங்க. நீங்க ரெட் வேணும்னு கேக்கறீங்க."

ஒரு மாலையில் எழுதி முடித்துவிட்டான். அவன் நம்பரில் எங்கள் இருவருக்கும் பேதி என்று போட்டுப் பார்த்தோம். திரை பளீரென்று சிவந்தது. இந்த வயதில் நான் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தது அன்றுதான். இயக்குநரும் ஒப்புக்கொண்டார், மறுக்க அவருக்கும் வாய் வரவில்லை போலும். பதிவு கவுண்டரில் "இது யார் நம்பர்?" என்ற கேள்வியைச் சேர்த்தோம். "கியூ வாசல் வரைக்கும் நிக்குது சார், இதுல விசாரணை வேற" என்று கவுண்டர் பெண்கள் முனகினார்கள்.

முதல் எச்சரிக்கை சிட்லபாக்கத்திலிருந்து வந்தது. பதறிப்போய்ச் சேகரைக் கூப்பிட்டேன். விசாரித்தால் ஒரு வளைகாப்பு. புளிசாதம் கெட்டுப்போய், சாப்பிட்டவர்கள் எல்லோரும் அழைத்தவர் நம்பரையே கொடுத்திருக்கிறார்கள். "ஃபங்ஷன் கிளஸ்டர் சார்" என்று, நோய்க் கொத்துக்கான வார்த்தையைச் சொல்லிப் பிரதீப் பல நாள் சிரித்தான்.

அடுத்த மழைக்காலம். ஒரு காலையில் திரை சிவந்தது. கஸ்தூரியின் நம்பர். மூன்று பெயர், மூன்றுக்கும் பேதி. கீழே, அதே நம்பரில் இன்னொரு வரி: மீனா, கர்ப்பகாலப் பரிசோதனை.

உடனே கஸ்தூரிக்குப் போன் செய்தேன்.

"அம்மா, மீனாவைக் குழாய்த் தண்ணி குடிக்க விடாதீங்க. கொதிக்காம லேசா காய்ச்சின தண்ணிகூட வேணாம், கேன் வாங்கிக் குடுங்க."

"யாரு பேசறது?"

"உங்க நாலு பேரையும் டூப்ளிகேட்னு ஒண்ணாக்கினவன்."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்டும் சத்தமும்.

சேகரும் நானும் சந்தில் இறங்கினோம். அவர் கையில் குளோரோஸ்கோப். குழாய்த் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக வேண்டும். மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். மேல் முனை வீட்டில் நல்ல மஞ்சள். அடுத்த வீடு, மஞ்சள். அடுத்தது, வெளிறிய மஞ்சள். சந்தே எங்கள் பின்னால் வந்தது. வேப்பமரத்துக்குப் பக்கத்து வீட்டில் சொட்டு விட்டார். நிறமே வரவில்லை.

"இங்கதான்" என்றார் சேகர்.

"தண்ணி சுத்தமாதானே கீது சார்?" என்றார் ஒருவர்.

"அதான் பிரச்சினையே. சாக்கடை கலந்து குளோரினைத் தின்னுடுச்சு. தோண்டுங்கப்பா."

தோண்டினார்கள். சாக்கடைக் கால்வாய்க்கு அடியில் குழாய் புதிதாக விரிசல் விட்டிருந்தது. சாயங்காலம் லாரித் தண்ணீர் வந்துவிட்டது.

பேதி நின்றதும் நிம்மதி வந்துவிடவில்லை. காமாலை பல வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அந்த நம்பரைத் தட்டிப் பார்ப்பேன். காமாலை என்று ஒரு பதிவும் வரவில்லை. மழை ஓய்ந்து வெயில் வந்தபின் ஒரு பதிவு வந்தது: மீனா, பிரசவம், பெண் குழந்தை.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். நான் கற்றது சின்ன விஷயம்தான். திரையில் ஒன்று உறுத்தினால் துடைக்காதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள். கேட்பவரிடம் பொய் சொல்லாதீர்கள்.

கஸ்தூரி என்னை மன்னித்தாளா என்று கேட்டதில்லை. சந்தில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால், மருத்துவமனைக்கு முன் எனக்குச் சொல்லிவிடுவாள். போன வாரம் பம்மல் சாலையில் அவள் கடையைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாமல் போன் செய்தேன். மீன் கையோடு போனைத் தொட முடியாது என்று, அழைப்பவர் பெயரைச் சத்தமாகச் சொல்லும்படி அதில் வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே, கூடைக்குப் பின்னாலிருந்து, போன் கூவியது:

"டூப்ளிகேட் சார்... டூப்ளிகேட் சார்..."

வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்தூரி தலை நிமிராமல் கேட்டாள்.

"பேரை மாத்திடட்டா சார்?"

"வேணாம்மா, இருக்கட்டும்" என்றேன்.

"நானும் மாத்தறதா இல்ல" என்று சொல்லிவிட்டு, சங்கராவை எடுத்துச் செதில் தேய்க்க ஆரம்பித்தாள்.