வெயில் வந்தால் திரும்பும் தாக்கோல்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு என் போன் அடித்தது. குலசேகரத்திலிருந்து கமலம் டீச்சர்.

"தம்பி, தாக்கோல் உள்ள போவுது, வெளிய வருது. ஆனா திரும்பல்ல."

எங்கள் பக்கத்தில் சாவியைத் தாக்கோல் என்றுதான் சொல்வோம். எழுதும்போது மட்டும் அது சாவியாகிவிடும். நான் தக்கலையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். இருபத்தாறு வருஷமாக ஒரே ஷெட். வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுவேன். வந்த நேரம், வண்டி, சொன்ன குறை, கண்ட குறை, செய்த வேலை. சொல்வதும் காண்பதும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும் என்பதால் அவை இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்காக, அந்த நோட்டிலிருந்து ஒரு செவ்வாய் முதல் சனி வரை உள்ளதை எழுதுகிறேன். அதில் என் தப்பு ஒன்றும் இருக்கிறது.

டீச்சரின் கணவர் தங்கமணி அண்ணன் மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். ஊருக்குத் திரும்பியதும் வாங்கிய வெள்ளைக் கார் அது. இருபத்திரண்டு வருஷமாகிறது. அண்ணனுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நாகர்கோவிலில் டயாலிசிஸ். காலை ஆறரை மணி ஷிப்ட். ஐந்தே காலுக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். டாக்டர் இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதால் ஐப்பசியிலிருந்து டீச்சர்தான் ஓட்டுகிறார்.

போனிலேயே ஒரு வழி சொன்னேன். பழைய கார்களில் சக்கரம் திரும்பிய நிலையில் நிறுத்தினால் ஸ்டியரிங் லாக் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கை இடமும் வலமும் பைய அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்ப வேண்டும். டீச்சர் செய்து பார்த்தார். அசையவில்லை. வாடகைக் கார் பிடித்துப் போனார்கள். நாற்பது நிமிஷம் தாமதம். அந்த நாற்பது நிமிஷத்தை மெஷினில் குறைத்துவிட்டார்கள்.

மதியம் இரண்டு பத்துக்கு டீச்சர் அதே காரை ஓட்டிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார். எப்படி வந்தது என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சும்மா போட்டுப் பார்த்தாராம், திரும்பிவிட்டதாம்.

நானும் போட்டுப் பார்த்தேன். இருபது தடவை போட்டேன், இருபது தடவையும் திரும்பியது. நமக்கு முன்னால் மட்டும் நல்ல பிள்ளையாக நடக்கிற வண்டிகளை எனக்குப் பிடிக்காது.

சாவியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பல்லெல்லாம் தேய்ந்து, பாதி கரைந்த சோப்புக் கட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தது. இக்னிஷன் லாக்குக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் ஸ்பிரிங் மேல் நிற்கின்றன. சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். பல் தேய்ந்தால் ஒரு தகடு அரை மயிரிழை கீழே நின்றுவிடும். பிறகு யார் திருப்பினாலும் திரும்பாது. போதாததற்கு டீச்சரின் வளையத்தில் வீட்டுச் சாவி, கேட் சாவி, பீரோ சாவி, இவற்றோடு பள்ளிக்கூட அலமாரிச் சாவி. ரிட்டயர் ஆகி ஐந்து வருஷமாகிறது, இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தக் கொத்து முழுவதும் ஓடும்போது தொங்கி ஆடினால் லாக்கும் தேயும், சாவியும் தேயும்.

சாவியைத் துடைத்தபோது துணியில் தேங்காய் எண்ணெய் மணத்தது. பெண்கள் ஓட்டுகிற வண்டி, தலைக்கு எண்ணெய் தேய்த்த கையாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நோட்டில் எழுதவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாவி வெட்டுகிற மைதீனிடம் கொண்டுபோனேன். அவன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு வேறு தாக்கோல் இல்லையா என்று கேட்டான். டீச்சர் அவசரத்தில் நிற்கிறார், இதையே பார்த்து வெட்டு என்றேன். புதுச் சாவி பளபளவென்று வந்தது. லாக்கில் போட்டேன், திரும்பியது. வேலை முடிந்தது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

வியாழக்கிழமை ஐந்து மணி எட்டு நிமிஷத்துக்கு மறுபடி போன்.

இந்தத் தடவை டீச்சரின் குரலில் பதற்றம் இருந்தது. புதுச் சாவியும் திரும்பவில்லை, பழையதும் திரும்பவில்லை. வாடகைக் கார்க்காரர் திருவனந்தபுரம் போயிருக்கிறார். ஆட்டோவில் போகலாம் என்றால் அண்ணன் மாட்டேன் என்கிறார். ஆட்டோ குலுக்கலில் டயாலிசிஸ் முடிந்து வரும்போது வாந்தி எடுக்கும். தன் வண்டியில் என்றால் முன் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டே வருவார். கடைசியில் ஒரு ஜீப் கிடைத்தபோது மணி ஆறரை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் மெஷினை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை கட்டாயம் வந்துவிட வேண்டும், இனி ஒரு நாளும் தள்ள முடியாது என்றார்கள்.

பதினொரு மணிக்கு டீச்சர் காரோடு வந்து நின்றார். இப்போதும் பத்து மணிக்குத் திரும்பியிருக்கிறது.

"நான் ஒண்ணுமே செய்யல்ல தம்பி. வெயில் வந்தா திரும்புது."

அதை அப்படியே நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். ஆனால் அர்த்தம் புரியவில்லை. லாக் செட்டையே மாற்றிவிடலாமா என்று நினைத்து இரண்டு கடைகளில் விசாரித்தேன். மாடல் நின்றுபோய் பல வருஷமாகிவிட்டது, சொல்லி வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். எனக்கு இருந்தது ஒன்றரை நாள். அன்று மாலை நோட்டைத் திறந்து நேரங்களை மட்டும் பார்த்தேன். திரும்பாதது எல்லாம் விடிவதற்கு முன். நான் சோதித்தது எல்லாம் நல்ல வெயிலில். நான் அந்தக் காரைக் குளிர் நேரத்தில் பார்த்ததே இல்லை.

சூடுவெள்ளம்

வெள்ளிக்கிழமை காலை குளிக்கப் போனேன். மார்கழிக் குளிர். தலைக்கு வைக்க எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டும் விழவில்லை. உள்ளே வெள்ளையாக உறைந்திருந்தது. என் மனைவி வழக்கம்போல, குப்பியைச் சூடுவெள்ளத்தில் வை என்று அடுக்களையிலிருந்து சொன்னாள். வெந்நீருக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். நான் தலைக்கும் வைக்கவில்லை, குளிக்கவும் இல்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குலசேகரத்துக்குப் போனேன்.

ஆறே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு. தக்கலையை விட அங்கே குளிர் ஒரு பங்கு கூடுதல். அண்ணன் போர்ட்டிகோவில் நாற்காலியில் இருந்தார். கால் இரண்டும் வீங்கி ஸ்டூல் மேல் கிடந்தன. ஒரு நாள் தவறியதற்கே அந்த வீக்கம்.

"மக்கா, வெளுக்கதுக்கு முன்னயே வந்தியா?" என்றார்.

காரில் சாவியைப் போட்டேன். திரும்பவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. குறையை நேரில் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

டீச்சர் சாயா போடட்டுமா என்று கேட்டார். சாயா வேண்டாம், ஒரு தம்ளர் சூடுவெள்ளம் மட்டும் போதும் என்றேன். தொண்டை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கருப்பட்டியும் ஒரு துண்டு கொண்டுவந்தார். நான் சாவியைத் தம்ளரில் முக்கி முப்பது வரை எண்ணினேன். எடுத்துத் துடைத்து லாக்கில் விட்டு இன்னொரு முப்பது எண்ணினேன். திருப்பினேன், திரும்பியது. கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டேன்.

சாவியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினேன். மஞ்சள் கறை. தேங்காய் எண்ணெய் மணம். லாக்குக்கு எண்ணெய் விட்டீர்களா என்று டீச்சரைக் கேட்டேன்.

"நானா? தலைக்கு விடவே எனக்கு நேரம் இல்ல."

அப்போதுதான் அவர் தலையைச் சரியாகப் பார்த்தேன். வறண்ட முடி, கழுத்து வரை கத்தரித்திருந்தார். எண்ணெய் பட்டு மாதக்கணக்கில் ஆகியிருக்கும். செவ்வாய்க்கிழமை என் முன்னால் இருபது நிமிஷம் நின்றவர்தான்.

அண்ணன் ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நீ கொஞ்சம் உள்ள போ."

டீச்சர் போகவில்லை. அண்ணன் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற குப்பி. அதற்குள்ளும் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது.

"ஓட்டப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கழுவப்படாதுன்னு நீ சொல்லிட்ட. எனக்க வண்டிக்கு நான் வேற என்னத்த செய்ய? தாக்கோல் திருப்பக் கொஞ்சம் முறுக்கம் இருந்துது. அந்திக்கு நீ விளக்கு வைக்கப் போவும்ப ரெண்டு சொட்டு விட்டேன்."

"ரெண்டு சொட்டா?" என்றார் டீச்சர்.

"முறுக்கம் கூடக் கூட சொட்டும் கூடிச்சு."

நடந்தது இதுதான். சாவி தேய்ந்ததால் முதலில் லேசான முறுக்கம். அதற்கு மருந்தாக எண்ணெய். ஐப்பசியில் அது வழுக்கிக்கொடுத்தது. மார்கழியில் இரவெல்லாம் உறைந்து, தூசியையும் சேர்த்துக்கொண்டு, தகடுகளை மெழுகு மாதிரிப் பிடித்துவிட்டது. காலையில் திரும்பவில்லை என்றதும் மனுஷன் அன்று அந்திக்கு இன்னும் நாலு சொட்டு. தன் ஆஸ்பத்திரிப் பயணத்தைத் தானே பூட்டிக்கொண்டிருக்கிறார், வண்டியின் மேல் உள்ள பிரியத்தில்.

முப்பத்திநாலு வருஷம் வகுப்பெடுத்தவர் டீச்சர். நல்ல வசவு விழும் என்று நான் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன். டீச்சர் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மருந்து தீந்துட்டுன்னு போன வாரம் புதுக்குப்பி வாங்கினேனே. கண்ணுல விட்டீங்களா, கார்ல விட்டீங்களா?"

"கண்ணுக்கு உள்ளது கண்ணுக்குத்தான். காலிக்குப்பி மட்டும் வண்டிக்கு."

டீச்சர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. பிறகு அண்ணனின் வீங்கிய கால்களைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. நாளைக்குப் போய்விடலாமா தம்பி என்று என்னிடம் கேட்டார்.

போகலாம் என்றேன். ஆனால் என் தப்பையும் சொல்ல வேண்டியிருந்தது. லாக்கைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய சாவி, தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுத்திருக்கும். மைதீன் கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்டேன். வண்டி வாங்கியபோது இரண்டு சாவி தந்திருப்பார்களே, மற்றது எங்கே?

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது சாமிக்க தாக்கோல்" என்றார் டீச்சர்.

வண்டி எடுத்த அன்று பூஜை போட்டு சாமி அறையில் வைத்ததாம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. லாக்கில் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. டீச்சர் தயங்கினார். அண்ணன்தான் முடித்துவைத்தார்.

"எடுத்துக் குடு. சாமிக்கு லைசன்ஸ் இல்ல."

இருபத்திரண்டு வருஷச் சந்தனத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் நீக்கினேன். அடியில் ஒவ்வொரு பல்லும் கூர்மையாக, கம்பெனியில் வெட்டிய நாளில் இருந்தபடியே இருந்தது. அதை வண்டியில் போட மாட்டேன், மாதிரிக்கு மட்டும்தான் என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்தேன்.

பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு லாக்குக்குள் கிளீனர் ஸ்ப்ரே அடித்தேன். காற்று அடித்து வெளியே தள்ளினேன். நான்கு தடவை செய்த பிறகுதான் துணியில் கறை வருவது நின்றது. எண்ணெய்க்குப் பதில் பென்சில் கரித்தூள் போட்டேன். அது உறையாது, தூசியையும் பிடிக்காது. பிறகு தக்கலைக்கு வந்தேன். மைதீன் சாமி சாவியைக் கையில் வாங்கியதும் சிரித்தான்.

"அண்ணைக்கே கேட்டேன்லா. வயசான ஆளைப் பாத்துப் படம் வரைஞ்சா வயசான படம்தானே வரும்?"

இரண்டு சாவி வெட்டிக் கொடுத்தான். நான் குலசேகரத்துக்குத் திரும்பிப் போய் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். இதமாகத் திரும்பின. அப்போது மணி பன்னிரண்டரை. வெயிலில் எதுதான் திரும்பாது? நாளை காலை ஐந்து மணிக்குத்தான் தெரியும். சாமி சாவியை டீச்சரிடம் கொடுத்தேன். அண்ணனிடமிருந்து குப்பியை வாங்கிக்கொண்டு, கடையில் வாங்கிய ஒரு 4B பென்சிலைக் கொடுத்தேன். ஞாயிறுதோறும் சாவியின் இரண்டு பக்கத்திலும் இதைத் தேய்க்க வேண்டும், வேறு யாரும் செய்யக் கூடாது, இது உங்கள் பொறுப்பு என்றேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

சனிக்கிழமை நாலே முக்காலுக்கே எழுந்துவிட்டேன். ஐந்து பத்து ஆயிற்று, போன் அடிக்கவில்லை. ஐந்தே கால், ஐந்து இருபது, அப்போதும் அடிக்கவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று என் மனைவியின் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன், நன்றாக அடித்தது. குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் போகிற வண்டி தக்கலை வழியாகத்தான் போக வேண்டும். ரோட்டோரத்தில் போய் நின்றேன். ஐந்து நாற்பத்தேழுக்கு வெள்ளைக் கார் வந்தது. நிற்கவில்லை, ஒரு ஹாரன் மட்டும். சாய்த்த சீட்டில் படுத்திருந்த அண்ணன் கையைத் தூக்கிக் காட்டினார். டீச்சர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆறரைக்கு ஒரு போன் வந்தது. அண்ணன்.

"மெஷின்ல கெடக்கேன் மக்கா. ஒரே திருப்பு, ஸ்டார்ட். ஆனா இவ மூணாம் கியர்லயே வளைவு எல்லாம் எடுக்கா. நீ ஒண்ணு சொல்லு."

ஒரே திருப்பு, ஸ்டார்ட் என்பதை மட்டும் நோட்டில் எழுதினேன்.

மாசியில் வைப்பர் மாற்ற அந்தக் கார் வந்தது. சாவியின் பல்லெல்லாம் கரி மினுமினுப்பு. கொத்தில் மற்ற சாவிகளைக் கழற்றியிருந்தார்கள், பள்ளிக்கூட அலமாரிச் சாவி மட்டும் அப்படியே இருந்தது. டீச்சர் குறைப்பட்டார்.

"வேல பாத்த காலம் பூரா பிள்ளையளுக்குப் பென்சில் சீவிக் கொடுத்தேன். இப்ப இவருக்குச் சீவிக் கொடுக்கேன். கை எல்லாம் கரி, ஆஸ்பத்திரியில நர்சம்மா கேக்கா."

முன் சீட்டிலிருந்து அண்ணன் கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்திருந்தன.

வண்டி என்ன செய்கிறது என்று எல்லா மெக்கானிக்கும் கேட்பான். அந்த வண்டிக்கு யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நான் கேட்காமல் இருந்தேன். துணியில் மணத்ததை எழுதாமலும் விட்டேன். அந்த இரண்டுக்கும் விலை ஒருவர் காலில் வீக்கமாக ஏறியது. புது நோட்டுப் போட்டபோது ஒரு கட்டம் கூடுதலாக வரைந்தேன், தலைப்பு: கவனிக்கிறவர். அதில் இந்தக் காருக்கு எழுதியிருப்பது: தங்கமணி அண்ணன். ஞாயிறுதோறும். 4B பென்சில்.